கிளை நூலகத்துக்கு இடம் தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. கடைவீதியில் ஓர் ஓட்டு வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளை நூலகம் நடந்தது. வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். அதற்கப்புறம் நூலகத்தை இரண்டு முறை தூக்கிக்கொண்டு அலைந்தோம். முதல் தடவை தப்பான இடம், இரண்டாவது தடவை சரியான இடம். வாசகர் வட்டத்தின் செயலாளர் நான் என்பதால் பக்கத்து ஊர்க்காரர்கள் போன் செய்து விசாரிக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கிற எந்த ஊருக்கும் இது உதவும்.

நூலகத்தை வேறு இடத்துக்கு மாற்ற முடிவெடுப்பது யார்? நூலகரா, பேரூராட்சியா?

இரண்டு பேரும் இல்லை. கிளை நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பில் இருக்கிறது. அன்றாட நிர்வாகம் மாவட்ட நூலக அலுவலர் கையில். அவருக்கு மேலே சென்னையில் பொது நூலக இயக்ககம், அதற்கும் மேலே பள்ளிக் கல்வித் துறை. இந்த ஏணியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் முதல் மூன்று மாதம் பேரூராட்சி அலுவலகத்திலேயே மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்களும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மனு மாவட்ட நூலக அலுவலருக்குப் போகட்டும். நகல் ஒன்றை ஆட்சியருக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகரை முன்னால் நிறுத்தாதீர்கள். அவர் அரசுப் பணியாளர், மேலதிகாரிக்கு எதிராகப் பேசிவிட்டார் என்ற பெயர் அவருக்கு வரக்கூடாது. பேசவேண்டியது வாசகர் வட்டம்.

வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டக்கூடாதா?

நல்ல கேள்வி. பலருக்கு இந்த வரி கட்டுவதே தெரியாது. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. இது இன்று நேற்று வந்ததில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பிறகு நாட்டில் வந்த முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டத்திலேயே இந்த வரி உண்டு.

வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு. வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட வேண்டும். நடுவில் நிலுவை விழுவது பல ஊர்களில் நடக்கிற கதை. உங்கள் ஊரில் நிலுவை இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "கடந்த ஐந்து நிதியாண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில்" என்று மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் தரவேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால், அடுத்த முறை அலுவலகத்தில் உட்காரச் சொல்வார்கள்.

ஆனால் உங்கள் ஊர் வரி முழுதும் உங்கள் ஊருக்கே திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். மாவட்டம் முழுவதற்குமான சம்பளம், நாளிதழ், புத்தகம், வாடகை எல்லாம் அந்தப் பொதுப் பானையிலிருந்துதான்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். இப்போதைக்கு எங்கேயாவது வைத்துவிட்டு நிதானமாக இடம் தேடலாமா?

இதில்தான் நாங்கள் விழுந்தோம். புறவழிச்சாலை ஓரம் ஒரு நலம்விரும்பி தன் கூடத்தை வாடகையில்லாமல் தந்தார். ஆறு மாதம் என்று பேச்சு. நாலு வருஷம் ஆயிற்று. தலைக்கு மேல் கூரை கிடைத்ததும் அவசரம் போய்விடுகிறது. அதிகாரிக்கும் போய்விடுகிறது, நமக்கும் போய்விடுகிறது.

கடைவீதியில் இருந்தபோது வருகைப் பதிவேட்டில் ஒரு நாளுக்கு நாலு பக்கம் கையெழுத்து நிரம்பும். புறவழிச்சாலைக்குப் போன மூன்றாம் மாதம் ஒரு பக்கம் நிரம்புவதே பெரும்பாடு. அதிலும் பாதி எங்கள் வாசகர் வட்டத்துக்காரர்கள். கூட்டம் காட்டுவதற்காகவே போய்க் கையெழுத்துப் போட்டோம், ஒளிக்காமல் சொல்கிறேன்.

தற்காலிகமாக மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய இடத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே பாருங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நாளிதழ்களும் பாதிப் புத்தகங்களும் இருந்தால் போதும். மீதியைக் கட்டி வைக்கலாம்.

மனை போட்டு விற்பவர் ஐந்து சென்ட் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாம்தானே?

இந்தப் பக்கத்தை நான் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். எந்த ஊர்க்காரர் போன் செய்தாலும் பத்தாவது நிமிஷத்தில் இந்த ஐந்து சென்ட் வந்துவிடும்.

முதலில் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். காரில் வேண்டாம், பைக்கிலும் வேண்டாம். பேருந்து நிலையத்தில் இறங்கி, கையில் ஒரு பையோடு, சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு நடக்கவேண்டும். திரும்ப மாலை ஏழு மணிக்கு, ஒரு பெண் பிள்ளை தனியாக வரக்கூடிய பாதையா என்று பார்க்கவேண்டும். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, நாய் எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள். இந்த இரண்டு நடையிலும் தேறாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் நமக்கு வேண்டாம். நாலு தெரு தள்ளிப் புது மனைப்பிரிவில் நூலகம் வந்தால் யாருக்கு லாபம் என்பதும் தெரிந்ததே. பக்கத்து மனைகளின் விலை விளம்பரத்தில் ஏறும்.

இது நான் கண்டுபிடித்த விஷயமில்லை. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. அதை விளக்கும்போது அவர் எடுத்துப் பேசிய முக்கியமான விஷயங்களில் ஒன்று நூலகம் அமைந்திருக்கும் இடம். ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த புத்தகம் பூட்டி வைத்த புத்தகம் மாதிரிதான்.

சரி, இடம் நடந்து போகிற தூரத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பத்திரம். மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த ஐந்து சென்ட் என்னவாகக் காட்டப்பட்டிருக்கிறது? பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ ஒதுக்கிய பொது இடம் என்றால், அது ஏற்கெனவே உள்ளாட்சிக்குப் போகவேண்டியது. அவர் தன் இடத்தைத் தரவில்லை, ஊர் இடத்தை ஊருக்குத் தருகிறார். அங்கே கட்டடம் எழுப்பினால் மனை வாங்கியவர்களில் ஒருவர் வழக்குப் போட்டாலே வேலை நின்றுவிடும்.

உண்மையிலேயே அவருடைய தனி மனை என்றால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். பத்திரம் வாசகர் வட்டத்தின் பெயரிலோ ஊர்ப் பெரியவர் பெயரிலோ வேண்டவே வேண்டாம். மாவட்ட நூலக ஆணைக்குழு பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகவேண்டும். "இத்தனை வருஷத்துக்குள் கட்டாவிட்டால் இடம் திரும்ப எனக்கே" என்று ஒரு வரி உள்ளே நுழைந்திருக்கும், கவனமாகப் படியுங்கள். பெயர்ப்பலகையில் தன் அப்பா பெயர் வேண்டும் என்று கேட்டால், அது நியாயமான ஆசைதான், சம்மதித்துவிடலாம்.

அப்படியானால் நல்ல இடம் எது?

காய்கறி வாங்க வருகிறவர் பையோடு நுழைந்துவிட்டுப் போகிற இடம். பேருந்து நிலையம், சந்தை, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ் என்று இவற்றில் ஏதேனும் இரண்டின் நடுவில் இருந்தால் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தம் இருக்குமே என்பார்கள். இருக்கும்தான். சத்தத்தில் படிப்பவர் வருவார், வரமுடியாத இடத்தில் அமைதி இருந்து என்ன பயன்?

வெளியே சொல்லத் தயங்குகிற இன்னொரு விஷயம் இருக்கிறது. சில ஊர்களில் சில தெருக்களுக்குள் எல்லோரும் இயல்பாகப் போய்வர முடியாது. ஒரு சமுதாயத்தின் கல்யாண மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ நூலகம் வைத்தால், பலகையில் "அனைவரும் வருக" என்று எழுதியிருந்தாலும் வராதவர்கள் வரமாட்டார்கள். இடம் பார்க்கப் போகும்போது ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புறம்போக்கு நிலம், கோயில் நிலம், மூடிய பள்ளிக்கூடம். இவற்றில் எது சுலபம்?

எதுவும் சுலபமில்லை. இருப்பதில் பள்ளிக்கூடம்தான் பரவாயில்லை.

புறம்போக்கில் முதலில் வகை பாருங்கள். குளம், வாய்க்கால், ஓடை என்று நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் மறந்துவிடுங்கள், நீதிமன்றங்கள் விடுவதில்லை. நத்தம், கிராமப் பொது இடம் போன்றவை என்றால் வருவாய்த் துறை வழியாக நூலகத் துறைக்கு நில மாற்றம் கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு ஒவ்வொரு மேசையாக நகரும். யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை போய் அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிக்கவேண்டும். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்தார். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல் என்பார்.

கோயில் நிலம் அறநிலையத் துறையின் குத்தகைக்குத்தான் கிடைக்கும், சொந்தமாகாது.

மாணவர் இல்லாமல் மூடிய தொடக்கப்பள்ளிக் கட்டடம் உங்கள் ஊரில் இருக்கிறதா? பொது நூலகத் துறையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழேதான் வருகிறது என்பதால் பேச்சைத் தொடங்குவது எளிது. ஆனால் பல தொடக்கப்பள்ளிகளின் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், எனவே ஒன்றியத்தின் தீர்மானமும் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது அப்படி ஒன்றுதான். சந்தைக்குப் பின்னால் இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம். கரும்பலகையை எடுக்காமல் விட்டுவிட்டோம். இப்போது அதில் புதிதாக வந்த புத்தகங்களின் பெயரை நூலகர் சாக்பீஸால் எழுதுகிறார்.

பேருந்து நிலையத்தில் மாடிக் கூடம் கிடைக்கிறது. மாடியில் வைக்கலாமா?

இரண்டு காரணத்துக்காக நான் வேண்டாம் என்பேன். ஒன்று, முழங்கால். காலையில் நாளிதழ் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மாற்றுத்திறனாளிகள் நுழைய வழியும் வேண்டும், 2016ஆம் வருஷச் சட்டம் அதைக் கேட்கிறது. தரைத்தளத்தில் சாய்தளம் போட்டால் வேலை முடிந்தது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடவேண்டும், கொத்தனார் ஆறடியில் முடித்துவிடப் பார்ப்பார்.

இன்னொன்று, எடை. இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். படிப்பறைக்கு 300 முதல் 400 கிலோ. உயரமான புத்தக அலமாரிகள் நெருக்கமாக நிற்கும் அறைக்கு 600 கிலோ. குடியிருப்பாகக் கட்டிய மாடியில் அலமாரிகளை வரிசையாக நிறுத்துவதற்கு முன்னால் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள். வேறு வழியில்லாமல் மாடிதான் என்றால் அலமாரிகளைச் சுவரோரமாக வையுங்கள், நடுக்கூடத்தில் மேசை நாற்காலி மட்டும்.

எவ்வளவு பெரிய இடம் வேண்டும்?

நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன். மூன்றடி அகல ரேக், ஐந்து தட்டு, இருபக்கமும் புத்தகம். ஒரு தட்டில் நாற்பது புத்தகம் என்றால் ஒரு ரேக்கில் நானூறு. இருபதாயிரம் புத்தகத்துக்கு ஐம்பது ரேக். நடக்க வழி விட்டுக் கணக்குப் போட்டால் ரேக்குக்குப் பதின்மூன்று, பதினாலு சதுர அடி, ஆக மொத்தம் எழுநூறு சதுர அடி. முப்பது பேர் உட்கார்ந்து படிக்க இன்னொரு எழுநூறு. நூலகர் மேசை, சிறுவர் பகுதி, கழிவறை சேர்த்தால் ஆயிரத்து எண்ணூறு. கழிவறையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் காலை எட்டுக்கு வந்து மாலைவரை உட்காருவதா, பத்து மணிக்கே வீடு திரும்புவதா என்பதை அந்த ஒரு கதவுதான் தீர்மானிக்கிறது.

அப்புறம், இன்றைய இருப்புக்கு மட்டும் அளக்காதீர்கள். ரங்கநாதனின் ஐந்தாவது விதி, நூலகம் வளர்கிற உயிர். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி கொஞ்சம் தளர விட்டு அளக்கவேண்டும்.

வாடகைக்குப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் தரமாட்டேன் என்கிறார்களே?

அரசு வாடகை பொதுப்பணித் துறை மதிப்பிட்ட தொகைக்குள் இருக்கவேண்டும். கடைவீதியில் செல்போன் கடைக்காரர் தருகிற வாடகை அதைவிட அதிகம். ஊரில் நூலகத்தின் மேல் பிரியம் உள்ள ஒருவரால்தான் இந்த வித்தியாசத்தைத் தாங்கமுடியும். அப்படி ஒருவர் கிடைத்தால் வாடகை தாமதமாக வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டுவதற்குப் பணம்?

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டிலும் நூலகக் கட்டடம் கேட்கலாம். நிலம் துறையின் பெயரில் இருந்தால்தான் காரியம் நகரும். இடம் கையில் இல்லாமல் பணம் கேட்கப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் மாநில அரசு வழியாக உதவுகிறது.

புரவலர் திட்டத்தை மறக்கவேண்டாம். ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர், சுவரில் பெயர் எழுதுவார்கள். தொகை சிறியதுதான். ஆனால் சுவரில் பெயர் உள்ள நூறு பேர் இருக்கிற நூலகத்தை ஊருக்கு வெளியே தூக்கிப்போட யாருக்கும் தைரியம் வராது.

நகராட்சியில் அறிவுசார் மையம் கட்டியிருக்கிறார்களே. நூலகத்தை அதற்குள் வைத்துவிட்டால் என்ன?

இரண்டும் வேறு வேறு துறை. அறிவுசார் மையம் நகராட்சி நிர்வாகத் துறையுடையது. போட்டித் தேர்வு மாணவர்களை மனதில் வைத்துக் கட்டியது. வெளிச்சமும் இருக்கைகளும் நன்றாக இருக்கின்றன, குறை சொல்லமுடியாது. ஆனால் கிளை நூலகம் பேரன் கதைப்புத்தகம் எடுக்கிற இடம், தாத்தா நாளிதழ் படிக்கிற இடம், வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகிற இடம். ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இருவருக்கும் நல்லது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூடுகிற பேச்சு எழுந்தால் எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

புத்தகங்களை எப்படி எடுத்துப் போவது? ஆள் விட்டால் ஒரு நாளில் முடியாதா?

முடியும். பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து அழலாம்.

முதல் தடவை நாங்கள் லாரியில் சுமை ஏற்றுகிறவர்களை விட்டுக் கட்டினோம். நல்ல வேலைக்காரர்கள். கட்டு சாயாமல் நிற்கவேண்டும் என்பதற்காகப் பெரிய புத்தகத்தை அடியில், சின்னதை மேலே அடுக்கினார்கள். ஆகவே வரலாறு, சமையல், சிறுகதை, சித்த மருத்துவம் எல்லாம் உயர வரிசைப்படி ஒன்றாகிவிட்டன. கயிற்றை இழுத்துக் கட்டியதில் ஓரத்துப் புத்தகங்களின் அட்டை அறுந்தது. ஒரு அகராதியின் முதுகில் இன்றும் அந்தக் கயிற்றுத் தழும்பு இருக்கிறது.

இரண்டாம் தடவை இப்படிச் செய்தோம். நூலகர் தலைமையில் முதலில் இருப்புச் சரிபார்ப்பு, பதிவேட்டில் உள்ள எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று. பிறகு எந்தத் தட்டை எடுத்தாலும் இடமிருந்து வலமாக, அதே வரிசையில் பெட்டிக்குள். பெட்டி மேல் "ரேக் 7, தட்டு 3, பெட்டி 1" என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவோம். புது இடத்திலும் ரேக்குகளுக்கு அதே எண்ணை முன்னாலேயே ஒட்டி வைத்திருந்தோம். பெட்டி வந்ததும் நேராகத் தட்டுக்குப் போயிற்று.

பெட்டிக்கு எங்கே போவது? பிஸ்கட் பெட்டி மெலிசு, அடி பிய்ந்துவிடும். திடமானது மதுக்கடை அட்டைப்பெட்டிதான். திருக்குறள் உரைகளையெல்லாம் அதற்குள் வைத்தபோது வாத்தியார் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. இருபது கிலோவுக்கு மேல் நிரப்பாதீர்கள். இருபதாயிரம் புத்தகம் என்பது சராசரியாக ஒன்று 350 கிராம் என்றாலும் ஏழு டன். பெட்டி முந்நூற்று ஐம்பது, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் பத்து நடை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கேட்டால் வருவார்கள். வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகலாம் என்றும் யாராவது சொல்வார்கள். 2018இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் ஒரு புத்தகக்கடையை இப்படித்தான் மாற்றினார்கள். இருநூறு பேருக்கு மேல் தெருவோடு நின்று சுமார் இரண்டாயிரம் புத்தகங்களைக் கைமாற்றினார்கள். தூரம் ஏறக்குறைய 150 மீட்டர். உங்கள் புது இடமும் அத்தனை பக்கம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஊருக்கே சந்தோஷம். ஒரு கிலோமீட்டர் என்றால் சிறுவர் புத்தகத்தை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்து ஊர்வலமாக விடுங்கள், மீதி குட்டியானையில் போகட்டும்.

மாற்றுவதற்கு ஏற்ற காலம் மாசி. ஐப்பசி, கார்த்திகையில் புத்தகத்தை வெளியே எடுக்கவே கூடாது. ஆனால் அந்த அடைமழையில் ஒருநாள் புது இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பதை மழையே காட்டிவிடும்.

கரையான், ராமபாணப் பூச்சிக்கு என்ன செய்வது?

ரேக்கைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கட்டும். பழைய கட்டடம் என்றால் புத்தகம் உள்ளே போகும் முன்பே கரையான் மருந்து அடித்துவிடவேண்டும், பிறகு முடியாது. அரித்த புத்தகத்தை மற்ற பெட்டிகளோடு ஏற்றாதீர்கள். வசம்பும் அந்துருண்டையும் நம் ஆறுதலுக்கு. காற்றும் வெளிச்சமும் வருகிற ஜன்னலும், புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற கைகளும்தான் உண்மையான மருந்து.

இடம் மாற்றும்போதே பழைய புத்தகங்களைக் கழித்துவிடலாமே?

நீங்களாகச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் பதிவேட்டில் உள்ள அரசுச் சொத்து. கழிப்பதற்குத் துறையில் முறை இருக்கிறது. அதோடு, அட்டை போன பழைய புத்தகங்களுக்குள்தான் ஊர் வரலாறு, பழைய தல புராணம், மறுபதிப்பே வராத நாவல் எல்லாம் இருக்கும். பழைய பேப்பர் கடைக்காரருக்கு இதெல்லாம் எடைதான்.

வேலை நடக்கும் மாதங்களில் வாசகர்கள் என்ன செய்வார்கள்?

நாளிதழ் ஒருநாளும் நிற்கக்கூடாது. ஒரு மேசை, நாலு பெஞ்ச், டீக்கடை பக்கம் ஒரு பந்தல் இருந்தால் போதும். மாவட்டத்தில் நடமாடும் நூலகம் இருந்தால் வாரம் ஒருநாள் கேளுங்கள். இது நமக்குப் புதிதில்லை. மன்னார்குடி பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை 1931இலேயே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியிருக்கிறார். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான்.

திறப்பு விழாவுக்குப் பெரியவர்கள் தேதி தரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். புத்தகம் அடுக்கிய மறுநாளே கதவைத் திறந்து நாளிதழ் போடச் சொல்லுங்கள். விழா அது பாட்டுக்குப் பிறகு வரட்டும். வண்ணம் அடித்து, பூட்டி, தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிற கட்டடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பழைய இடத்தில் என்ன அறிவிப்பு வைப்பது?

பெரிய எழுத்தில் ஒரு பலகை, அம்புக்குறி, "சந்தைக்குப் பின்னால், பழைய பள்ளிக்கூடம்" என்கிற மாதிரி ஊர்ப் பேச்சில் ஒரு அடையாளம். கதவிலக்கம் யாருக்கும் உதவாது. மூன்று மாதமாவது பலகை இருக்கட்டும். பக்கத்து டீக்கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள், பலகையைவிட அவர்தான் வேலை செய்வார்.

பழைய ஓட்டு வீட்டிலிருந்து நூலகம் புறவழிச்சாலைக்கு மாறிய அன்று நாங்கள் பலகையே வைக்கவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு நாளிதழ் படிக்க வருகிற பெரியவர் ஒருவர் பூட்டிய கதவுக்கு முன்னால் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டு, பத்து மணிக்கு எழுந்து போயிருக்கிறார். நாலு நாள் இப்படி. நூலகர் லீவு என்று நினைத்துக்கொண்டாராம். ஐந்தாம் நாள் டீக்கடைக்காரர் விஷயத்தைச் சொல்ல, புறவழிச்சாலையா, அவ்வளவு தூரம் நம்மால் ஆகாது தம்பி என்று சொல்லிவிட்டார். நாலு வருஷம் வரவேயில்லை. சந்தைக்குப் பின்னால் திறந்த முதல் வாரம் டீக்கடைக்காரரே தன் டிவிஎஸ் ஃபிப்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தார். இப்போது நடந்தே வருகிறார். வந்ததும் அந்தக் கரும்பலகையை ஒருதரம் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் நாளிதழை எடுப்பார்.